எட்டுச் சிலுவைக்கு மூன்று பெட்டி

“மூப்பர், தலை இல்லாட்டி ராசா எப்பிடிப் பெத்லகேமுக்கு வழி கண்டுபிடிப்பார்?”

இருபது வருடங்களுக்கு முன், ஒரு நத்தார்க் காலத்தில், கிறிஸ்து பிறப்பைக் காட்டும் பாலன் குடிலுக்கு முன்னால் நின்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி இது. பஸ்ரியாம்பிள்ளை மூப்பர் குடிலைப் பார்க்கவில்லை. பிள்ளை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். மூவிராசாக்களில் மூன்றாமவரின் தலை, பிள்ளையின் வியர்வையோடு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மூப்பர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பசை எடுத்து ஒட்டினார். அவசரத்தில் ராசாவின் கழுத்துக் கொஞ்சம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து மற்ற இரண்டு ராசாக்களும் பாலனைப் பார்க்க, மூன்றாமவர் மட்டும் ஓரத்தில் நிற்கும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ராசாவின்ர தலைக்கு என்ன நடந்தது?” என்று அப்போதிருந்த பங்குத்தந்தை கேட்டார். பிள்ளை மூப்பரின் வேட்டிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது.

“எந்தத் தலை, ஃபாதர்? எனக்கொண்டும் தெரியாது.”

அது பொய். அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி, கொடுத்த செபங்களையும் சொல்லி முடித்தார். பிள்ளையின் பெயரை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரே சொல்லாததை நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

இப்போது மூப்பருக்கு அறுபத்தாறு வயது. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் சிறிய பங்கில் கோயில் மணி, மண்டபத்தின் திறப்புக் கொத்து, ஒரே ஒரு ஏணி, எல்லாம் அவர் பொறுப்பு. எந்த இரகசியத்தையும் அவரை நம்பிக் கொடுக்கலாம். அவரிடம் இருந்த குறை ஒன்றுதான். ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வராது.

“உங்களுக்கு இல்லை எண்டு சொல்ல வராட்டி, இருமுங்கோ. நான் ஓடிவந்து சொல்லுறன்,” என்று மனைவி ஞானசவுந்தரி பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். மூப்பருக்கு இருமலும் வருவதில்லை.

ஆனி மாதத்து அந்தோனியார் திருவிழா நெருங்கியபோது, பிரான்சில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பங்கு மண்டபத்துக்கென்று மூன்று வைஃபைப் பெட்டிகள் அனுப்பினார். சாப்பாட்டுக் கோப்பை அளவில், வட்டமாக, வெள்ளையாக, நடுவில் நீல வெளிச்சத்தோடு முகட்டில் ஆணி போட்டுப் பூட்டுகிற பெட்டிகள். பங்குத்தந்தை ஒரு வாரத் தியானத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க பூட்டுறது எண்டதை நீங்களே பாத்துச் செய்யுங்கோ, மூப்பர். எல்லாரையும் சமாளிக்க உங்களுக்குத்தான் தெரியும்.”

திங்கட்கிழமை றொமேஷ் வந்தான். இந்த ஊர்ப் பொடியன்தான். யாழ்ப்பாணத்தில் இந்த வேலையே செய்கிறவன். சிரிப்புக் குறைவு, கதை அதிலும் குறைவு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்க மேலும் கீழும் நடந்தான்.

“முருகைக்கல் சுவர், ரண்டடி மொத்தம். சிக்னலைக் குடிச்சுப்போடும்,” என்றான். “அறைக்கு அறை வைக்க ஏலாது, மூப்பர். எல்லாருக்கும் பொதுவான இடமாப் பாத்து வைக்கவேணும். பெரிய மண்டபத்துக்கு நடுவில ஒண்டு. குசினிக்கும் தையல் அறைக்கும் இடையில, பின் விறாந்தையில ஒண்டு. மேல வாசிப்பறையில ஒண்டு. அவ்வளவுதான்.”

மறந்துபோகாமல் இருக்க, வெண்கட்டியால் அந்த மூன்று இடத்திலும் சுவரில் அடையாளம் போட்டான். அவன் போட்ட அடையாளம் சிலுவை. பிழை அங்கேதான் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை அவன் பெட்டிகளோடு வந்தபோது மண்டபத்தில் எட்டுச் சிலுவைகள் இருந்தன.

மீனவர் சங்க அறையில் ஒன்று. தையல் அறையில் ஒன்று. குசினிக்குள்ளே ஒன்று. பாடகர் அறையில் ஒன்று. எட்டாவது, கக்கூசுக்குப் போகிற வழியில். அதைப் போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது.

“மூப்பர், நான் மூண்டுதான் போட்டனான். மற்றதை அழியுங்கோ.”

“சிலுவையை அழிக்கிறதோ?” மூப்பர் நெஞ்சில் கை வைத்தார். “தம்பி, துணியால துடைச்சு, அந்தத் துணியை எங்க கொண்டுபோய்ப் போடுறது?”

அவர் மட்டுமல்ல, அந்தப் பங்கில் ஒருவரும் சிலுவையை அழிக்க மாட்டார்கள். இது சிலுவை போட்டவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

றொமேஷ் பெருமூச்சு விட்டான். தான் சொன்ன மூன்று இடத்திலேயே பூட்டினான். “பின்னடிக்குத் தேவைப்பட்டால்” என்று மிச்ச வயரை எல்லா அறை முகட்டிலும் சுருட்டி வைத்துவிட்டுப் புறப்பட்டான்.

“ஆர் கேட்டாலும் இதுகளை அசைக்காதேங்கோ, மூப்பர்.”

“சீ, சீ! நான் அசைப்பனே?”

அன்று பின்னேரம் வாசிப்பறையில் நிலக்சனா புத்தகங்களோடு இருந்தாள். பத்தொன்பது வயது, தகப்பன் கடலுக்குப் போகிறவர். கொழும்பில் தாதியர் படிப்புக்கு ஒன்லைனில் நேர்முகம் வைத்திருந்தார்கள்.

“சனிக்கிழமை பத்து மணிக்கு மூப்பர். அரை மணித்தியாலம் போதும்.” அவள் முகட்டுப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “போன வருஷம் வீட்டிலயிருந்து போனில கதைச்சனான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டவை. நான் ‘என்ர பேர்’ எண்டு சொல்ல, நிண்டுபோச்சுது. அவையளுக்கு என்ர பேரும் தெரியாமப் போச்சு. இந்த முறையும் விட்டா, பிறகு கூப்பிடமாட்டினம்.”

“பயப்பிடாதை, பிள்ளை. இந்தப் பெட்டி உனக்குத்தான்.”

அது மூப்பர் கொடுத்த முதலாவது வாக்கு. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமை விடியவே மீனவர் சங்கத்துச் சவிரிமுத்துச் சம்மாட்டியார் வந்துவிட்டார்.

“மூப்பர், எங்கட சங்க அறையில சிலுவை கிடக்கு. பெட்டி எங்க?”

“நடு மண்டபத்தில இருந்து உங்களுக்கும் வரும் எண்டு றொமேஷ் சொன்னவர்...”

“காத்து எந்தப் பக்கம் எண்டு போனில பாத்துப்போட்டுத்தான் இப்ப ஆக்கள் கடலுக்கு இறங்கிறது. நடு மண்டபத்திலயோ கடல் கிடக்கு?”

மூப்பருக்கு அது நியாயமாகப் பட்டது. அவருக்கு எல்லாருடைய பேச்சும் நியாயமாகத்தான் படும். ஏணியை எடுத்தார். நடு மண்டபத்துப் பெட்டி சங்க அறைக்குப் போனது.

ஏணியை மடக்கவில்லை, தையல் வகுப்பு ரீச்சர் பிலோமினம்மா வந்து நின்றார்.

“மூப்பர், யூரியூப்பில பிளவுஸ் வெட்டுறதைப் பாத்துக்கொண்டிருக்க, கை வெட்டுற இடத்தில நிண்டுபோகுது. பிள்ளையள் எல்லாம் கையில்லாமத் தைச்சுப்போட்டுதுகள். திருவிழாப் பூசைக்கு அதை உடுத்துக்கொண்டு வந்தால் ஃபாதர் என்ன சொல்லுவார்?”

ஒழுக்கப் பிரச்சினை! மூப்பர் விறாந்தைப் பெட்டியைக் கழற்றித் தையல் அறைக்குள் பூட்டினார்.

பூட்டி இறங்க, குசினியில் அண்டா விழுந்த சத்தம். அல்போன்சம்மா. மண்டபத்துக் கலியாணங்களுக்கும் திருவிழாவுக்கும் சமைப்பவர்.

“எனக்கு விறாந்தையில இருந்து வந்துகொண்டிருந்தது. இப்ப இல்லை. பாரிசில இருக்கிற தங்கச்சியோட கதைச்சுக்கொண்டு சமைச்சாத்தான் எனக்கு உப்புச் சரியா விழும். இந்தமுறை திருவிழாச் சாப்பாடு உப்பில்லாமல் இருந்தா, பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, என்னைக் கேக்கப்படாது.”

“உங்களுக்கும் ஒண்டு பூட்டுறன், தங்கச்சி.”

சொல்லி முடித்த பிறகுதான், தன்னிடம் பெட்டி இல்லை என்பது மூப்பருக்கு ஞாபகம் வந்தது. மிச்சம் இருப்பது நிலக்சனாவின் பெட்டி. அதைத் தொட மாட்டார்.

பின்னேரம் அவர் பொருள் அறைக்குள் போனார். பாலன் குடில் சாமான் பெட்டிக்குள், பற்றரியில் எரிகிற நீல பல்புகள் கிடந்தன. பக்கத்தில், போன திருவிழாவுக்கு வாங்கிய ஐஸ்கிறீம் வாளிகளின் வெள்ளை மூடிகள். சாப்பாட்டுக் கோப்பை அளவு. வட்டம்.

மூப்பர் ஒரு மூடியையும் பல்பையும் கையில் எடுத்தார். வைக்கோலுக்குள் இருந்து மூன்றாம் ராசா அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“உமக்கென்ன, கழுத்து அப்பிடி,” என்றார் மூப்பர். “ஆண்டவரே, ஒரு மனுசியின்ர உப்புக்காகத்தான்.”

குசினி முகட்டில் மூடி ஏறியது. மூடியின் நடுவில் துளைபோட்டுப் பல்பைச் செருகினார். றொமேஷ் சுருட்டி வைத்த வயரின் நுனியையும் மூடிக்குப் பின்னால் செருகிவிட்டார். கீழே இறங்கிப் பார்த்தார். அச்சு அசல். கண் கூர்மையானவர்கள் அண்ணாந்து பார்த்தால், நீல வெளிச்சத்துக்குக் கீழே ‘வனிலா’ என்று மங்கலாகத் தெரியும். ஆனால் அல்போன்சம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலே அரைப் பார்வைதான்.

வியாழன் காலை அல்போன்சம்மா முறையிட்டார். “ஒண்டும் வரேல்லையே, அண்ணை?”

“புதுசெல்லே. குசினிக்குப் பழகவேணும். ஒரு நாள் பொறுங்கோ.”

அந்த நேரம் பார்த்து றொமேஷ் வந்து சேர்ந்தான். “எல்லாம் வேலை செய்யுதோ எண்டு பாக்க வந்தனான்.” நடு மண்டபத்து வெறும் முகட்டைப் பார்த்தான். விறாந்தையின் வெறும் முகட்டைப் பார்த்தான். பிறகு குசினிக்குள் எட்டி, அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

மூப்பர் குறுக்கே புகுந்தார். வெளிச்சத்தை மறைக்க வழியில்லை. ஒரு சுளகை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன மூப்பர், சுளகு?”

“பல்லி... விழும்.”

றொமேஷ் சிரிக்கவில்லை. “கந்தோர் அறைக்குப் போய், இன்ரநெற் லைன் வாற பெரிய பெட்டியை நிப்பாட்டிப்போட்டு, கால் மணித்தியாலம் பக்கத்திலயே நிண்டு, திருப்பிப் போடுங்கோ. அதை விட்டு அசையாதேங்கோ. ஏணி எங்க?”

“ஏணி ஏன் தம்பி?”

“மேல தூசி.”

மூப்பர் அலுவலக அறைக்குப் போய்க் கால் மணித்தியாலம் அசையாமல் நின்றார். நிற்கும்போது முழுச் செபமாலையும் சொன்னார். திரும்பி வந்தபோது றொமேஷ் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். மூடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தப்பினேன் என்று மூப்பர் நினைத்தார்.

அதன் பிறகுதான் அதிசயங்கள் தொடங்கின.

“அண்ணை!” அன்று மத்தியானம் அல்போன்சம்மா ஆனந்தமாகக் கத்தினார். “தங்கச்சியின்ர மூக்குத்திக் கல்லுக்கூட வடிவாத் தெரியுது!”

மூப்பர் ஐஸ்கிறீம் மூடியைப் பார்த்தார். பிறகு அல்போன்சம்மாவைப் பார்த்தார். மனம் நம்பினால் கண்ணுக்கும் தெரியும்போல என்று எண்ணிக்கொண்டார்.

அதேநேரம் உண்மையான பெட்டிகள் இருந்த இடங்களில் இருந்து முறைப்பாடு வந்தது.

“சங்க அறையில ஒரு மண்ணும் வருகுதில்லை, மூப்பர்!”

போய்ப் பார்த்தால் முகட்டில் பெட்டி இல்லை. சம்மாட்டியார் அதைக் கழற்றி, வயரோடு இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

“உப்புக் காத்துப் பிடிக்கும் எண்டுதான். பிரான்ஸ் சாமானெல்லே!”

தையல் அறையில் பிலோமினம்மா பெட்டிக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். வெள்ளிச் சரிகைத் துணி, மூன்று மடிப்பு, சுற்றிவர லேஸ். முதல்நன்மை எடுக்கப் போகிற பிள்ளை மாதிரி அது முகட்டில் தொங்கியது.

“வடிவா இருக்கே, மூப்பர்?”

“ஓம், நல்ல வடிவு,” என்றார் மூப்பர். கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

பின்னேரமானதும் எல்லாரும் குசினிக்குள் வந்துவிட்டார்கள். அங்கேதான் வருகிறது என்று கதை பரவிவிட்டது. சவிரிமுத்துச் சம்மாட்டியார் ஐஸ்கிறீம் மூடிக்கு நேர்கீழே கதிரை போட்டிருந்து காற்றின் திசை பார்த்தார். தையல் பிள்ளைகள் பிளவுஸ் கை பார்த்தார்கள்.

“சும்மா வந்து நிக்க ஏலாது,” என்று அல்போன்சம்மா சட்டம் போட்டார். “காத்துப் பாக்கிறவை தேங்காய் துருவுங்கோ. கை பாக்கிறவை வெங்காயம் உரியுங்கோ.”

நாற்பது வருடம் கடலுக்குப் போன சம்மாட்டியார் வாழ்க்கையில் முதல்தரம் திருவலையில் குந்தினார்.

மூப்பர் வாசலில் நின்று, விசுவாசத்தின் வல்லமையை நினைத்து வியந்தார். கொஞ்சம் பயந்தும் போனார்.

வியாழன் இரவுச் செபம் முடிய, பாடகர் குழுத் தலைவன் தர்சன் வந்தான். கழுத்தில் கிற்றார்.

“மூப்பர், எங்கட அறையிலயும் சிலுவை இருக்கு. புதுப் பாட்டெல்லாம் இன்ரநெற்றில இருந்துதான் எடுக்கவேணும். பெட்டி இல்லாட்டித் திருவிழாவுக்குப் பழைய பாட்டுத்தான். ‘எழுந்தருளும்’ பாட்டை ஃபாதர் போன வருஷமே வேண்டாம் எண்டவர்.”

“குசினியில வந்து எடும், தம்பி.”

“வெங்காயம் உரிச்சுக் கண்ணீர் விட்டுக்கொண்டு பாடிப் பழக ஏலாது, மூப்பர். தாங்கோவன். நாளைக்குப் பின்னேரம் பயிற்சி முடிய நானே கழட்டித் தருவன். நிலக்சனாவுக்குச் சனிதானே தேவை?”

மூப்பர் யோசித்தார். வெள்ளி காலை கொடுத்து வெள்ளி மாலையே திருப்பி வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை. வெள்ளி காலை வாசிப்பறைப் பெட்டி பாடகர் அறைக்குப் போனது. இடம் வெறுமையாக இருந்தால் பிள்ளை பயப்படுமே என்று, இரண்டாவது ஐஸ்கிறீம் மூடியை அங்கே பூட்டினார்.

மத்தியானம் மறுபடியும் றொமேஷ்.

“ஆணி கழட்டுற திருப்புளியை மேல விட்டுட்டுப் போனன், மூப்பர்.”

“நான் எடுத்துக்கொண்டு வாறன்! நீர் ஏறாதேயும்!”

“இல்லை, நானே பாக்கிறன். நீங்கள் கந்தோர் அறைக்குப் போய்...”

“கால் மணித்தியாலம்?”

“ஓம். அசையாதேங்கோ.”

மறுக்க மூப்பருக்கு வரவில்லை. போனார். நின்றார். இந்தமுறை இரண்டு செபமாலை. றொமேஷ் இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“திருப்புளி கிடைச்சுதோ, தம்பி?”

“ஓம். பொக்கெற்றுக்குள்ளதான் கிடந்தது.”

வெள்ளி பின்னேரம் பயிற்சி முடிந்தது. மூப்பர் ஏணியோடு போனார். பாடகர் அறை பூட்டியிருந்தது. தர்சன், கிற்றாருக்குக் கம்பி வாங்கவென்று கடைசி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்விட்டான். மாற்றுத் திறப்பும் அவனிடம்தான்; மூப்பர்தான் கொடுத்தவர், அவன் கேட்டிருந்தான். போன் அடித்தால் எடுக்கவில்லை.

அன்று மூப்பர் சாப்பிடவில்லை. ஞானசவுந்தரி கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் சொன்னார். மூடிகளைப் பற்றியும் சொன்னார்.

ஞானசவுந்தரி சோற்றுக் கோப்பையை மூடி வைத்தார்.

“கத்திக் கேட்டவை எல்லாருக்கும் குடுத்துப்போட்டு, கேளாமல் இருந்த பிள்ளைக்கு மூடியைக் குடுத்திருக்கிறியள்.”

அந்தச் சொல் மூப்பரை அடித்ததுபோல இருந்தது. மூன்று நாளாக எல்லாருக்கும் நல்லவராக இருந்தது, ஒரு பிள்ளையின் பங்கை எடுத்து மற்றவர்களுக்குப் பரிமாறித்தான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

சனி காலை ஒன்பது மணிக்கு மூப்பர் பாடகர் அறை யன்னலுக்கு வெளியே நின்றார். கையில் சம்மாட்டியாரிடம் வாங்கிய நீளத் தூண்டில் தடி. யன்னல் கம்பிக்கு இடையால் தடியை விட்டு, முகட்டுப் பெட்டியைக் கொழுவி இழுப்பது திட்டம்.

“என்ன மீன், மூப்பர்?” சம்மாட்டியாரும் பின்னால் வந்துவிட்டார்.

“கதைக்காதேங்கோ, சம்மாட்டியார். பாத்துச் சொல்லுங்கோ.”

“வலத்தாலை... இன்னும்... பிடிச்சிட்டுது! இழுங்கோ, இழுங்கோ!”

இழுத்தார். வந்தது பாடகரின் வெள்ளை அங்கி. மறுபடி வீசினார். கிற்றார் உறை வந்தது. மூன்றாம் முறை முள் முகட்டு மரத்தில் ஏறி நின்றுவிட்டது. தடி உள்ளே பாதி, வெளியே பாதி.

கோயில் மணிக்கூடு பத்து அடித்தது.

மூப்பர் தடியை விட்டுவிட்டு ஓடினார். அறுபத்தாறு வயதில் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினார். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி, கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போவோம். அங்கே எப்படியோ வருகிறதே.

வாசிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நிலக்சனாவின் குரல், நிதானமான ஆங்கிலம். கேள்வி வந்த சத்தம். மறுபடி அவள் குரல். மூப்பருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அது நிற்கவில்லை என்பது விளங்கியது. அவர் படியில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டார்.

அரை மணித்தியாலத்தில் கதவு திறந்தது. நிலக்சனாவின் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்தது.

“எடுத்திட்டினம், மூப்பர்! அந்த இடத்திலயே சொல்லிப்போட்டினம். ஆவணியில வரட்டாம். ஒருக்காலும் நிக்கேல்லை!” அவள் அவர் கையைப் பிடித்தாள். “இந்தப் பெட்டி உனக்குத்தான் எண்டு சொன்னியள். வச்சுத் தந்திட்டியள்.”

அவள் தகப்பனுக்குச் சொல்லக் கடற்கரைக்கு ஓடினாள்.

கீழே குசினியில் மூப்பர் ஞானசவுந்தரியின் காதோடு நாக்குழற நடந்ததைச் சொன்னார். “ஞானம், இது எங்கட அந்தோனியார் செய்த புதுமை. ஃபாதர் வந்ததும் அறிவிக்கவேணும். ஐஸ்கிறீம் மூடியால...”

“இஞ்சாருங்கோ,” என்றார் ஞானசவுந்தரி. “ஊருக்கு அறிவிக்க முன்னம் ஒருக்கா அதைக் கழட்டிப் பாருங்கோ.”

அந்தநேரம் சவிரிமுத்துச் சம்மாட்டியார் உள்ளே வந்து, பழக்கதோசத்தில் திருவலையில் குந்தினார். “மூப்பர், அலுமாரிக்குள்ள கிடக்கிறது சரியில்லை. எங்களுக்கும் இந்தக் குசினியில பூட்டின மொடல் ஒண்டு போட்டுத் தாங்கோவன்.”

“இல்லை,” என்றார் மூப்பர்.

ஞானசவுந்தரியின் கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது. அல்போன்சம்மா பாரிசுத் தங்கச்சியிடம், “பொறு, பொறு, இஞ்சை ஏதோ நடக்குது,” என்றார்.

“இல்லை, சம்மாட்டியார். அலுமாரியைத் திறந்து தாங்கோ. பிலோமினம்மாவின்ர உறையையும் கழட்டப்போறன். தர்சன் வந்ததும் அவன்ர அறையையும் திறப்பிக்கிறன். பெட்டியள் மூண்டும் றொமேஷ் வச்ச இடத்துக்கே போகுது.”

சம்மாட்டியார் தேங்காய் துருவத் தொடங்கினார்.

மூப்பர் ஏணியைத் தூக்கிக்கொண்டு தனியே வாசிப்பறைக்குப் போனார். ஏறி, மூடியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடி கையோடு வந்தது. அதற்குள் அவருடைய நீல பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், முகட்டோடு ஒட்டி, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. புதிதல்ல, எங்கோ கழற்றிய பழசு, ஓரத்தில் கீறல். அவர் சும்மா செருகிய வயர் அதில் ஒழுங்காகக் கொழுவப்பட்டு, பச்சை வெளிச்சம் சின்னதாகக் கண்சிமிட்டியது.

இரண்டு நாளாகக் கந்தோர் அறையில் அசையாமல் நின்ற நேரமெல்லாம் அவருக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. ஏணியின் உச்சியில் இருந்தபடியே போனை எடுத்தார். அறையில் வேறு ஒருவரும் இல்லை.

“தம்பி றொமேஷ், வாசிப்பறையில, மூடிக்குப் பின்னால ஒரு பெட்டி கிடக்கு. குசினியிலயும் ஒண்டு கிடக்கும்போல. ஆர் வச்சது?”

சிரிப்புக் குறைந்த அந்தப் பொடியன் சொன்னான்:

“எந்தப் பெட்டி, மூப்பர்? எனக்கொண்டும் தெரியாது. அதை விடுங்கோ, ராசாவின்ர கழுத்து இப்ப எப்பிடி?”